திம்பத்துக்கு மேலே, பைலகுப்பே வரை

வெள்ளி: பவானிசாகர், ஒடையார்பாளையம்

காலையில் பவானிசாகர் முகாம் வாசலில் தம்பியை ஏற்றிக்கொண்டேன். தம்பி என்றால் சொந்தக்காரர் இல்லை. போன வருடம் எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்து அப்படியே பழக்கமாகிவிட்டவர். அவர் அப்பா அம்மா 1990இல் மன்னாரிலிருந்து படகேறி, மண்டபத்தில் பதிந்து, இங்கே அனுப்பி வைக்கப்பட்டவர்கள். இவர் பிறந்தது 1991இல், இதே முகாமில். டிப்ளமா முடித்திருக்கிறார். இலங்கைத் தமிழர் முகாம்களில் ஆண்கள் பலருக்கும் பெயிண்ட் வேலைதான் பிழைப்பு. என்ன படித்தாலும் கடைசியில் பிரஷ்தான் என்று அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள்.

வெளியூர் போனால் அதிகாரிகளிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அரசு மாதப் பணம் கொடுக்கிற நாளில் ஆள் இருக்க வேண்டும். குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500. இது 2021இல் உயர்த்திய தொகை. அந்த வருடம்தான் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள், மாநிலம் முழுக்க 7,469 புது வீடுகளும் அறிவித்தார்கள். தம்பி சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறார். புதன்கிழமை திரும்பியாக வேண்டும்.

பயணத்துக்குக் காரணம் ஸ்வெட்டர். குளிர்காலம் வந்தால் நம்மூர்ப் பக்கம் திபெத்தியர்கள் கடை போடுவார்கள் இல்லையா? கோபிசெட்டிபாளையத்தில் ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தபோது, "எங்க ஊரு ஒடையார்பாளையம், உங்க மலைக்கு அந்தப்பக்கம்" என்றார். பக்கத்தில் நின்ற தம்பி, "அங்க உங்களுக்கு முகாம் உண்டா?" என்று கேட்டார். "நிலம் இருக்கு" என்றார் அந்த அம்மா. வீடு வந்து சேரும்வரை தம்பி அதையே பேசிக்கொண்டு வந்தார்.

பண்ணாரியில் சாமி கும்பிட்டுவிட்டு மலையேறினோம். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றி எழுதாத ஆள் இல்லை, விட்டுவிடுகிறேன். ஆசனூரில் டீ. அங்கிருந்து கேர்மாளம் வழியாகக் காட்டுச் சாலை. கர்நாடகத்துக்குள் நுழைந்து காடு விலகியதும் ராகிக் காடுகள், அறுத்து முடித்த மக்காச்சோளத் தட்டை, அதற்கு நடுவில் ஐந்து நிறக் கொடிகள் படபடக்கும் ஓட்டு வீடுகள். ஊர்ப் பெயர்ப்பலகையில் ஆங்கில எழுத்துகள்தான் ஊர்ப் பெயரே. ஏ வில்லேஜ், பி வில்லேஜ் என்று வரிசையாகப் போகிறது.

1959இல் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்தபின் சுமார் 80,000 பேர் அவர் பின்னால் வந்தார்கள். முதலில் இமயமலைப் பகுதிகளில் சாலை போடும் கூலி வேலை. குளிர்ப் பிரதேசத்து மக்களை எங்கே குடியமர்த்துவது என்று நேரு மாநிலங்களைக் கேட்டபோது, நிலம் தருகிறேன் என்று முன்வந்தது அன்றைய மைசூர் மாநிலம். அதற்குத் திபெத்தியர்கள் நன்றி சொல்வது மைசூர் முதலமைச்சராக இருந்த நிஜலிங்கப்பாவுக்கு. முதலில் பைலகுப்பே, பிறகு முண்டுகோடு, ஹுன்சூர், எழுபதுகளில் இந்த ஒடையார்பாளையம். தலைக்கு ஏறக்குறைய ஒரு ஏக்கர் என்ற கணக்கில் அரசு நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தார்கள்.

டிசம்பரில் வந்தது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. ஊரில் பாதி வீடு பூட்டு. ஆட்கள் எல்லாம் சேலம், திருச்சி, பெங்களூரு என்று ஸ்வெட்டர் விற்கப் போயிருக்கிறார்கள். கிழவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான் மிச்சம். அப்படியானால் வீடு, மாடு, காடு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது யார்? பக்கத்துக் கன்னட ஊர்க்காரர்கள். ஒரு வீட்டு வாசலில் எண்பதைத் தாண்டிய திபெத்தியப் பாட்டி ஜபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தவர் பக்கத்து ஊர் அம்மா. பதினைந்து வருடமாக இந்த வீட்டு வேலையில் இருக்கிறாராம். வீட்டுச் சாவி அவர் இடுப்பில்.

அந்த அம்மாவுக்குத் தமிழ் நன்றாக வந்தது. இந்தப் பகுதி அடங்கிய கொள்ளேகால் தாலுகா 1956 வரை நம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்ததுதான், ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பாட்டியும் தமிழ் பேசினார் என்பதுதான் ஆச்சரியம். இளமையில் சேலத்தில் கடை போட்டவர். தமிழ் என்றால் அவருக்கு வியாபாரத் தமிழ் மட்டும்தான். "கட்டுப்படியாகாது" என்று அவ்வளவு தெளிவாகச் சொன்னார். கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்க முடியுமா என்று தம்பி கேட்டதற்கும் அதே பதில்.

"சண்டை சச்சரவு வராதாங்க?" என்று அந்த அம்மாவைக் கேட்டேன். "வரும். மாடு மேய்ஞ்சா வரும். கூலி விசயத்துல வரும். ஆனை வந்தா எல்லாம் மறந்துரும்" என்றார். இங்கே யானை பெரிய பிரச்சினை. ராகி அறுப்பு முடியும்வரை பரண் போட்டு ராக்காவல். திபெத்தியர் காட்டிலும் பரண், ஊர்க்காரர் காட்டிலும் பரண். காவலுக்கு ஆள் பற்றாததால் சேர்ந்தே உட்கார்கிறார்கள். எந்த வேலி பழுது, யார் பேட்டரி போட்டார், யார் போடவில்லை என்பதுதான் இங்கே சமூக உறவு.

மாலை ஜோக்சென் மடத்தைப் பார்த்துவிட்டு இரவு கொள்ளேகாலில் தங்கினோம். மடத்தைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. அமைதியாக இருந்தது, அவ்வளவுதான்.

படுக்கும்போது தம்பி கேட்டார்: "அண்ணா, அந்தப் பாட்டி கூலி கொடுக்கிற இடத்துல இருக்காங்க. எங்கம்மா வாங்குற இடத்துல இருக்காங்க. ரெண்டு பேரும் அகதிதானே?"

சனி: மைசூரு, ஹுன்சூர்

காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டே தம்பிக்கு மைராடா என்ற தொண்டு நிறுவனத்தின் கதையைச் சொன்னேன். எங்கள் கோபியில் மைராடா வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மஞ்சளுக்கு நோய் வந்தால் அங்கேதான் ஓடுவோம். அந்த நிறுவனம் 1968இல் தொடங்கப்பட்டதே திபெத்தியர்களைக் குடியமர்த்தத்தான். அதன் ஆங்கிலப் பெயரில் மறுகுடியமர்வு என்ற சொல் இன்னும் ஒளிந்திருக்கிறது. அந்த வேலை முடிந்தபின் சுற்றியிருந்த கிராமத்து ஏழைகள் பக்கம் திரும்பினார்கள். எண்பதுகளின் நடுவில் பெரிய கூட்டுறவுச் சங்கங்கள் சில உடைந்தபோது, சின்னச் சின்னக் குழுவாகச் சேமித்துத் தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் முறை அங்கே உருவானது. பிறகு நபார்டு வங்கி அதைப் பிடித்துக்கொண்டது. 1989இல் தமிழ்நாடு அரசு தர்மபுரியில் மகளிர் குழுக்களைத் தொடங்கியபோதும் மைராடா கூட இருந்தது. ஆக, நம் ஊர் மகளிர் சுய உதவிக் குழுவின் வம்சாவளியில் ஒரு கிளை திபெத்திய அகதிகளிடம் போய் முட்டுகிறது. முகாமில் தம்பியின் அம்மாவும் ஒரு குழுவில் இருக்கிறார். "அப்ப அந்தப் பாட்டிக்கு நாங்க நன்றி சொல்லணும்" என்றார். கிண்டலா நிஜமா தெரியவில்லை.

மைசூருவை நிறுத்தாமல் தாண்டினோம்.

ஹுன்சூரிலிருந்து குருபுரா போகும் வழியெல்லாம் புகையிலை பதப்படுத்தும் உயரமான சூளைக் கொட்டகைகள். இங்கே திபெத்தியர் குடியேற்றம் 1972இல் வந்தது. டீக்கடைக்காரர் ஒருவரிடம், இவர்கள் வந்ததில் உள்ளூர்க்காரர்களுக்கு வருத்தம் இல்லையா என்று கேட்டேன். அரைகுறைக் கன்னடத்தில்தான் கேட்டேன், அவர் பாதி இந்தியில் பதில் சொன்னார். இது வெறும் காடாக இருந்த இடம், யாருடைய பட்டா நிலமும் போகவில்லை, அதனால் சண்டைக்கு முகாந்திரமே இல்லை என்றார். திபெத்தியர்கள் வந்த பிறகுதான் மருத்துவமனை, டிராக்டர், கடை, பஸ் எல்லாம் வந்தது என்றும் சொன்னார். இதே பதிலை நான் படித்தும் இருக்கிறேன். நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்த நிம்மதி ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. பக்கத்தில் நாகாபுரா என்று ஆதிவாசிக் குடியிருப்பு இருக்கிறது. நாகரஹொளே காட்டுக்குள்ளிருந்து தொண்ணூறுகளின் கடைசியில் வெளியே கொண்டுவந்து அமர்த்தப்பட்ட ஜேனு குருபர் குடும்பங்கள். அவர்களில் ஒரு பெரியவர் குடகுக் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் ஜீப்புக்காகக் காத்திருந்தார். டீக்கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். கோபப்படவில்லை. காடு என்றால் ஆள் இல்லாத இடம் என்று யார் சொன்னது என்று மட்டும் கேட்டார்.

1972இல்தான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஒரு பக்கம் அகதிகளுக்குக் காட்டைத் திருத்திக் கொடுத்த அதே காலத்தில், காட்டிலேயே பிறந்தவர்களை வெளியேற்றும் வேலையும் நடந்தது. இது திபெத்தியர் செய்த தப்பு இல்லை. அவர்களுக்கு எங்கே நிலம் என்று முடிவு செய்தது அவர்கள் அல்லவே. ஆனால் 'ஏற்றுக்கொண்ட சமூகம்' என்று நாம் ஒருமையில் சொல்லும்போது டீக்கடைக்காரர் மட்டும்தான் அதற்குள் வருகிறார், இந்தப் பெரியவர் வருவதில்லை. அவரை யாரும் கேட்கவில்லை. 2025 மே மாதம் சில ஜேனு குருபர் குடும்பங்கள் நாகரஹொளேயில் தங்கள் பழைய இடத்துக்கே திரும்பிப்போய்க் குடிசை போட்டு, வன உரிமைச் சட்டப்படி எங்கள் நிலம் என்று உட்கார்ந்தது செய்தியில் வந்தது. அவரும் அந்தச் சேதியைச் சொன்னார், கொஞ்சம் பெருமையாக.

திபெத்தியர்களோடு பகை உண்டா என்றேன். இல்லை, அவர்கள் வயலில் கூலி சரியாகக் கொடுப்பார்கள், சாப்பாடும் போடுவார்கள் என்றார். ஜீப் வந்துவிட்டது.

ஞாயிறு: பைலகுப்பே

ஞாயிற்றுக்கிழமை தங்கக் கோயிலுக்குப் போவது முட்டாள்தனம். நாம்ட்ரோலிங் மடத்தின் அந்தக் கோயில் 1999இல் திறந்தது. உள்ளே சுமார் 60 அடி உயரத்தில் பொன்முலாம் பூசிய புத்தர். சுற்றுலா வேன்கள், செல்ஃபி, குழந்தை அழுகை. ஆனால் வாசலில் யார் யார் பிழைக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றால் நேரம் போவது தெரியாது. ஆட்டோக்காரர்கள் உள்ளூர்க் கன்னடர்கள். சுண்டல், இளநீர், வெள்ளரிக்காய் அவர்களுடையது. மோமோ, கம்பளிச் சால்வை, மணிமாலை திபெத்தியருடையது. பேக்கரி வைத்திருப்பவர் மலையாளி (எங்கேதான் இல்லை!). கோயில் மூடினால் எல்லாருக்கும் நஷ்டம் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

முதலில் வந்தவர்கள் 1960 கடைசியில் இறங்கியபோது இது மூங்கிலும் யானையும் நிறைந்த காடு. கூடாரம், வெயில், காய்ச்சல். மலைக் குளிரில் வாழ்ந்தவர்கள் நிறையப் பேர் செத்துப்போனார்கள். இன்று இரண்டு குடியேற்றங்கள் இங்கே, இரண்டாவது 1969இல் வந்தது. சேரா மடத்தில் மட்டும் ஆயிரக்கணக்கில் துறவிகள். அதில் இப்போது லடாக், அருணாசலம், பூட்டான், நேபாளப் பையன்களும் அதிகம். திபெத்திலிருந்து புதிதாக வருவது அநேகமாக நின்றுவிட்டது.

கூட்டுறவுச் சங்கத்தின் டிராக்டர் பட்டறையில் கொஞ்ச நேரம் நின்றோம். உழவுக்கு டிராக்டர் கேட்டுப் பதிந்துகொண்டிருந்தவர்களில் உள்ளூர் விவசாயிகளும் உண்டு. அதில் ஒருவர் திபெத்தியர் நிலத்தையே வாரத்துக்கு (விளைச்சலில் பங்கு கொடுக்கிற கணக்கில்) பிடித்து மக்காச்சோளம் போடுகிறவர். எழுத்தில் ஒன்றும் இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு. நிலத்துக்காரர் பிள்ளைகள் கனடாவிலும் பெங்களூருவிலும் இருக்கிறார்கள். "அவங்களுக்கு நிலம் இருக்கு, ஆள் இல்லை. எனக்கு ஆள் இருக்கு, நிலம் இல்லை" என்றார். சரி, பொருந்திப்போகிறது. ஆனால் அந்தப் பிள்ளைகள் திரும்பி வரவே இல்லையென்றால் நிலம் யாருக்கு என்று கேட்டபோது அவர் பேச்சை மாற்றிவிட்டார். எனக்குத் தோன்றியது: இந்த ஊரின் அடுத்த சண்டை வந்தால் இதில்தான் வரும். நெரிசலால் வராது, காலியாவதால் வரும்.

எல்லா இடத்திலும் இப்படிச் சுமுகமாகவே போனது என்றும் நினைத்துவிடக்கூடாது. 1994இல், தலாய் லாமா இருக்கும் தர்மசாலாவில் ஒரு கொலையை அடுத்து உள்ளூர்க்காரர்கள் திபெத்தியர் கடைகளைச் சூறையாடினார்கள். நாங்கள் இருப்பது தொந்தரவு என்றால் இடம் மாறிக்கொள்கிறோம் என்று தலாய் லாமா சொல்ல, பதறிப்போய், வேண்டாம் இருங்கள் என்று கேட்டுக்கொண்டதும் அதே ஊர்தான். அங்கே நிலம் குறைவு, கடைதான் பிழைப்பு. ஒரே தெருவில் ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு பேர் கடை போட்டால் உரசல் வரும். இங்கே ஒருவர் நிலத்தில் இன்னொருவர் வேலை செய்கிறார். பெரிய மனசு சின்ன மனசு என்பதெல்லாம் அப்புறம்.

குடியேற்றத்து மருத்துவமனை வாசலில் சேலை கட்டிய கன்னடப் பெண்கள் வரிசை. கட்டணம் குறைவு, டாக்டர் திட்டுவதில்லை என்று காரணம் சொன்னார் ஒரு பாட்டி. இரண்டாவது காரணம்தான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

திங்கள்: மறுபடி பைலகுப்பே

காலையில் ஒரு சின்ன உணவகத்தில் துக்பா (திபெத்திய நூடுல்ஸ் சூப்) சாப்பிட்டோம். கடைக்காரப் பையனுக்குத் தம்பி வயதுதான் இருக்கும். இந்தி, கன்னடம், ஆங்கிலம் எல்லாம் பேசினார். தம்பி நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார்: "உங்ககிட்ட இந்தியன் பாஸ்போர்ட் இருக்கா?"

அந்தப் பேச்சு ஒரு மணி நேரம் ஓடியது. நான் பெரும்பாலும் வாயைத் திறக்கவில்லை. சட்டம் இருவருக்கும் ஒன்றுதான். 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்தியாவில் பிறந்தவர்கள், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமக்கள். இதைக் காட்டி டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2010இலும் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் 2013இலும் திபெத்தியர்கள் வென்றிருக்கிறார்கள். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணும் மதுரைக் கிளையில் வழக்குப் போட்டு பாஸ்போர்ட் வாங்கி 2024 மக்களவைத் தேர்தலில் ஓட்டுப் போட்டார்.

"நான் நாலு வருசம் லேட்டு" என்றார் தம்பி.

கடைக்காரப் பையன் சிரித்தார். அவர் அப்பா 1987க்கு முன்பு இங்கேயே பிறந்தவர், விண்ணப்பித்தால் கிடைக்கும். அப்பா குடிமகன் என்று ஆகிவிட்டால் மகனுக்கும் வழி இருக்கும். ஆனால் அப்பா விண்ணப்பிக்கவில்லை. பாஸ்போர்ட் வேண்டுமென்றால் திபெத்தியர்களுக்குத் தரும் பதிவுச் சான்றிதழைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், குடியேற்றத்துக்குள் வசிக்கக் கூடாது, அகதிக்குரிய சலுகை எதுவும் கூடாது என்று 2017இல் நிபந்தனை வந்தது. குடிமகன் ஆனால் வீடும் நிலமும் போகும். அதோடு, எல்லாரும் இந்தியராகிவிட்டால் திபெத்துக்காகக் கேட்க யார் இருப்பார்கள் என்பது அப்பாவின் வாதம். மகனுக்கு அந்த வாதம் பாதி புரிகிறது, பாதி எரிச்சலாக இருக்கிறது. 2014இல் வந்த திபெத்தியர் மறுவாழ்வுக் கொள்கையால் நிலக் குத்தகைக்கு ஒழுங்கான ஆவணம், தொழில் உரிமம், அரசுத் திட்டங்கள் எல்லாம் திறந்தன என்றார். எழுத்தில் திறந்திருக்கிறது, அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

தம்பி எங்கள் பக்கத்துக் கதையைச் சொன்னார். பள்ளிக்கூடம், கோயில் திருவிழா, கல்யாணம் எல்லாம் ஊரோடு ஒன்றாகத்தான். மொழி ஒன்று, சாமி ஒன்று. பவானிசாகரில் யாரும் அவரை வேற்று ஆளாகப் பார்த்ததில்லை. ஆனால் காலி இடம் வாங்க முடியாது, பைக்கைத் தன் பெயரில் எடுப்பதற்கே அலைச்சல், அரசு வேலை இல்லை. "எங்களுக்கு ஊர் கிடைச்சது, நிலம் கிடைக்கலை. உங்களுக்கு நிலம் கிடைச்சது. ஊர் கிடைச்சுதா?"

பையன் யோசித்துவிட்டு, பள்ளியில் கன்னட நண்பர்கள் உண்டு, கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள், போவோம், ஆனால் கன்னட வீட்டில் பெண் கேட்டுப் போனதாகத் தனக்குத் தெரிந்து யாரும் இல்லை என்றார். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் உள்ளூர்க்காரர்கள் வருவார்கள், தனிப் பந்தியில் சைவச் சாப்பாடு போடுவார்கள். இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. நானும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. அறுபது வருடம் சண்டையில்லாமல் இருக்க இவ்வளவு நெருக்கம் போதும் போலிருக்கிறது. 2018இல் பெங்களூருவில் 'நன்றி கர்நாடகா' என்று பெரிய விழா எடுத்து, நிஜலிங்கப்பாவின் பெயரைச் சொல்லி தலாய் லாமா நன்றி கூறினார். அதைவிட அந்தச் சைவப் பந்தி எனக்கு அதிகம் சொல்லிற்று.

துக்பாவுக்குக் காசு வாங்க மறுத்தார், தம்பி வற்புறுத்திக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் ஒரு மடத்து விருந்தினர் விடுதிக்கு வெளிச்சுவர் வேலை நடந்துகொண்டிருந்தது. தம்பி காரை நிறுத்தச் சொன்னார். சுவரை விரலால் தேய்த்துப் பார்த்து, பட்டி சரியில்லை, ஒரு மழைக்குத் தாங்காது என்றார். மேஸ்திரி பிகார்க்காரர், ஒப்பந்தக்காரர் குஷால்நகர்க் கன்னடர், காசு கொடுப்பவர் திபெத்தியத் துறவி. மூவரும் அங்கேயே இருந்தார்கள். சதுர அடிக்கு என்ன விலை, எந்த பிரைமர் என்று அரை மணி நேரம் பேச்சு. அடுத்த கட்டடத்துக்கு பிப்ரவரியில் ஆறு ஆட்களோடு வர முடியுமா என்று ஒப்பந்தக்காரர் கேட்டார்.

ஒரு மாதம் முகாமுக்கு வெளியே தங்க அனுமதி கிடைக்குமா என்று தம்பி கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். மாதப் பணத் தேதியில் ஒரு நாள் வந்துபோக சத்தியமங்கலத்துக்கு பஸ் வசதி எப்படி என்று என்னைக் கேட்டார். மைசூரு வந்து சாம்ராஜ்நகர் வழியாகப் போவதுதான் சுலபம் என்றேன். நாளை நாங்களும் அந்த வழியாகத்தான் இறங்குகிறோம். திம்பத்தில் இரவுத் தடை இருப்பதால் மத்தியானமே கிளம்பிவிட வேண்டும்.